2147483647: இன்ட் நின்றுபோகும் இடம்

முதல் வருஷ சி லேபில் ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதாத இன்ஜினியரிங் மாணவர் யாரும் இருக்க முடியாது. 12 கொடுத்தால் 479001600 என்று ஒழுங்காக வரும். 13 கொடுத்துப் பாருங்க: 1932053504 என்று வரும். உண்மையான விடை 6227020800. 17 கொடுத்தால் இன்னும் வேடிக்கை, -288522240 என்று மைனஸில் ஒரு விடை வரும். நேர்ம எண்களை மட்டுமே பெருக்கிக்கொண்டு போனோம், மைனஸ் எங்கிருந்து வந்தது?

தப்பு உங்க லூப்பில் இல்லை. நீங்க ஒரு வேலியைத் தாண்டிட்டீங்க. அந்த வேலியின் பெயர் 2147483647. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே எண்ணைப் பற்றித்தான். கணினிக்காரர்களுக்கு இது ஒரு எல்லை. கணிதக்காரர்களுக்கோ, கணினி பிறப்பதற்கு முந்நூறு வருஷம் முன்பிருந்தே இது ஒரு பழைய நண்பர். ரெண்டு பக்கமும் பார்ப்போம்.

முதலில் எண்ணை வாசிப்போம்

நம் முறைப்படி கமா போட்டால் 214,74,83,647. அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. வாய்விட்டுச் சொன்னால் மூச்சு வாங்கும். ஆனால் பைனரியில் இதைவிட எளிமையான எண் கிடையாது: வரிசையாக முப்பத்தொரு 1. அவ்வளவுதான். கணிதத்தில் எழுதினால் 2³¹ − 1.

32 பிட் உள்ள ஒரு இன்ட்டில் முதல் பிட் குறியைச் சொல்லப் போய்விடுகிறது. மீதி 31 பிட். அந்த 31 இடத்திலும் 1 போட்டு நிரப்பினால் கிடைக்கும் மிகப் பெரிய எண் இதுதான். இதோடு 1 கூட்டினால்? கிலோமீட்டர் மீட்டரில் 99999க்குப் பிறகு எல்லாம் பூஜ்யமாவதுபோல, 31 ஒன்றுகளும் பூஜ்யமாகி, குறி பிட் 1 ஆகிவிடும். டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் அதன் மதிப்பு −2147483648. ஜாவாவில் இது நிச்சயம் இப்படித்தான் நடக்கும். சி மொழியிலோ, குறியுள்ள இன்ட் நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்று தர விதிமுறை எந்த உறுதியும் தருவதில்லை. கம்பைலர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாம்.

இது பகா எண்ணா?

ஒரு எண்ணைக் கையில் கொடுத்ததும் கணிதக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த மரின் மெர்சென் என்ற துறவியின் பெயர் அது. 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகையில் வரும் பகா எண்கள்.

இதில் ஒரு எளிய விதி உண்டு. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். உதாரணமாக 15 = 3 × 5 என்பதால் 2¹⁵ − 1 என்பது 7ஆலும் (2³ − 1) 31ஆலும் (2⁵ − 1) வகுபடும். ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஆக, அடுக்கு பகா எண்ணாக இருப்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. உள்ளே போனபிறகு தேர்வு தனி.

இத்தாலியைச் சேர்ந்த கட்டால்டி, 1603இல் வெளியிட்ட நூலில் 17, 19 இரண்டு அடுக்குகளுக்கும் பகா எண் கிடைப்பதைச் சரியாக நிறுவினார். அதோடு நில்லாமல் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படியே என்று சொல்லிவிட்டார். 1640இல் ஃபெர்மா வந்து 23ஐயும் 37ஐயும் உடைத்தார்: முதலாவது 47ஆல் வகுபடும், இரண்டாவது 223ஆல் வகுபடும். பிறகு ஆய்லர் 29ஐ உடைத்தார். நாலில் மூணு போச்சு. 31 மட்டும் பாக்கி. அதையும் யாராவது உடைத்துவிடுவார்களா, அல்லது நிற்குமா?

ஆய்லர் போட்ட சல்லடை

சாதாரண வழி என்ன? வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 2147483647இன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல். அதுவரை 4,792 பகா எண்கள் இருக்கின்றன. பேனாவும் பேப்பரும் வைத்து 4,792 வகுத்தல். செய்யலாம், ஆனால் யார் செய்வது?

ஆய்லர் வேறு மாதிரி யோசித்தார். வகுக்கும் எண் எப்படிப்பட்டதாக *இருக்க முடியும்* என்று முதலில் கேட்டார். இந்த வாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடருங்க, மதிப்பு உண்டு.

ப என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் 2³¹ஐ பவால் வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை வரிசையாக பவால் வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 எப்போது முதலில் வருகிறதோ, அதன் மடங்குகளில் மட்டுமே மறுபடியும் 1 வரும். 31இல் 1 வருகிறது. 31 பகா எண். ஆகவே முதலில் 1 வருவது அடுக்கு 1இலோ 31இலோதான். அடுக்கு 1இல் மீதி 1 வராது, ஏனென்றால் 2 − 1 = 1ஐ எந்தப் பகா எண்ணும் வகுக்காது. எனவே முதல் 1 வருவது 31இல்தான்.

இப்போது ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: அடுக்கு (ப − 1)இலும் மீதி 1 வரும். ஆகவே ப − 1 என்பது 31இன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. ரெண்டையும் சேர்த்தால், ப − 1 என்பது 62இன் மடங்கு. ஒரே அடியில் சாத்தியங்கள் மளமளவென்று குறைந்துவிட்டன.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹இன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அதாவது பவைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க எண்ணைப் போல நடந்துகொள்கிறது. அப்படி நடப்பது, 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தரும் பகா எண்களுக்கு மட்டும்தான்.

ரெண்டு நிபந்தனையையும் சேர்த்தால், ப என்பது 248இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியதாக மட்டுமே இருக்க முடியும். 46340 வரை எண்ணுங்க: முதல் வகையில் 249இல் தொடங்கி 186 எண்கள், இரண்டாம் வகையில் 63இல் தொடங்கி 187 எண்கள். 63 பகா எண் அல்ல, அதை விட்டுவிடலாம். மிச்சம் 372. இதில் 249, 497 மாதிரி தாமே பகு எண்ணாக இருப்பவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். 4,792 எங்கே, 372 எங்கே!

எதுவும் வகுக்கவில்லை. 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதை அறிவித்தார். அப்போது அவருக்கு அறுபது வயதைக் கடந்துவிட்டது, பார்வையும் ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

இதன் மூலம் எட்டாவது செவ்விய எண்ணும் கிடைத்தது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் செவ்விய எண்: 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காலத்திலேயே தெரியும். 2³⁰ஐ நம் எண்ணால் பெருக்கினால் 2305843008139952128. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார் என்ற பொருளில் எழுதினார். மனிதர்களின் பொழுதுபோக்கைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண் 2-இன் அடுக்கு 136279841இலிருந்து ஒன்று குறைந்தது. அதில் நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள்!

இன்று இருபத்தொன்பதே படிகள்

ஆய்லருக்கு 372 வகுத்தல். இன்று நமக்கு 29 படி போதும். லூகாஸ் 1870களில் தொடங்கி, லேமர் 1930களில் சீராக்கிய சோதனை இது. 4இல் தொடங்குங்க. வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்க. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்க. எத்தனை முறை? அடுக்கைவிட இரண்டு குறைவு. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

சின்ன எண்ணில் பார்ப்போம்: 31 = 2⁵ − 1. மூன்று படி. 4இலிருந்து 14. 14இலிருந்து 194, அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இலிருந்து 62, மீதி 0. பகா எண்! இதையே 2047க்குச் செய்தால் ஒன்பதாவது படியில் 1736 வந்து நிற்கும். பூஜ்யம் இல்லை, ஆகவே பகு எண். கவனிங்க, 23ஐயும் 89ஐயும் கண்டுபிடிக்காமலேயே அது பகு எண் என்று தெரிந்துவிட்டது.

அடையாள அட்டை

நம் எண் எந்தெந்த வகையில் சேரும், எதில் சேராது என்று ஒரு பட்டியல் போடுவோம்.

- மெர்சென் பகா எண்களில் எட்டாவது.
- இரட்டை மெர்சென் பகா எண். அடுக்கான 31ம் ஒரு மெர்சென் பகா எண் என்பதால் இந்தப் பட்டம். இதுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.
- குறை எண். எல்லாப் பகா எண்களும் இதில் அடங்கும். தன்னைத் தவிர்த்த வகுத்தி 1 மட்டும்தானே!
- இரட்டைப் பகா எண் அல்ல. இதற்கு இரண்டு முன்னால் உள்ள 2147483645 ஐந்தால் வகுபடும். இரண்டு பின்னால் உள்ள 2147483649 மூன்றால் வகுபடும். இருபுறமும் ஜோடி இல்லை.
- சோஃபி ஜெர்மைன் பகா எண் அல்ல. இரட்டித்து 1 கூட்டினால் 4294967295 வரும். அது 3 × 5 × 17 × 257 × 65537.
- இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. மூன்று வர்க்கங்களாலும் முடியாது, ஏனென்றால் 8ஆல் வகுத்தால் மீதி 7. நான்கு வர்க்கங்கள் கட்டாயம் வேண்டும்.
- பைனரியில் பாலிண்ட்ரோம். விகடகவி மாதிரி முன்னும் பின்னும் ஒன்றேதான்.
- ஓடியஸ் எண். பைனரியில் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இந்தப் பெயர். இரட்டைப்படையாக இருந்தால் ஈவில் எண். பெயர் வைத்தவர்களின் குறும்பு!

அப்போ இன்ட் எல்லை எப்பவும் பகா எண்தானா?

இல்லை. 8 பிட்டில் எல்லை 127, பகா எண். 16 பிட்டில் 32767, அது 7 × 31 × 151. 32 பிட்டில் பகா எண். 64 பிட்டில் எல்லை 2⁶³ − 1. 63 மூன்றின் மடங்கு என்பதால் 7ஆல் வகுபடும். 128 பிட்டில் 2¹²⁷ − 1, மறுபடியும் பகா எண். லூகாஸ் 1876இல் கையால் கணக்குப் போட்டு நிறுவியது. பகா, பகு, பகா, பகு, பகா! தெரிந்த நான்கு இரட்டை மெர்சென் பகா எண்களில் மூன்று, கணினியின் 8, 32, 128 பிட் எல்லைகளாக உட்கார்ந்திருக்கின்றன.

நம் எண்ணையே அடுக்காக வைத்து அடுத்த படி ஏறலாமே என்று தோன்றும். 2-இன் அடுக்கு 2147483647, அதில் ஒன்று குறைவு. இது பகா எண்ணாக இருந்தால் எவ்வளவு அழகு! ஆனால் இல்லை. 295257526626031 அதை வகுக்கிறது. இதிலிருந்து 1ஐக் கழித்து, நம் எண்ணின் இருமடங்கால் வகுத்துப் பாருங்க: சரியாக 68745. ஆய்லரின் அதே சல்லடை விதி இங்கேயும் வேலை செய்கிறது.

பகா எண் என்பதால் என்ன லாபம்?

ஒரு நேரடி லாபம் ரேண்டம் எண்கள். ஒரு எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுங்க. அதுதான் அடுத்த ரேண்டம் எண். பார்க், மில்லர் இருவரும் 1988இல் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்த முறை இது. இன்றும் சி பிளஸ் பிளஸ் லைப்ரரியில் இருக்கிறது. 16807 என்பது 7⁵. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதாலும், பெருக்கும் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததாலும், 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா எண்ணும் ஒரு தடவை வந்தபிறகுதான் வரிசை திரும்பத் தொடங்கும். பாஸ்வேர்டு, ஓடிபி மாதிரி வேலைகளுக்கு மட்டும் இதைத் தொடாதீங்க. ஒரு எண் தெரிந்தால் அடுத்ததை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடலாம்.

வேலியில் இடறி விழும் இடங்கள்

பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். ரெண்டும் பெரிய எண்களானால் கூட்டலே வேலியைத் தாண்டி மைனஸாகிவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருஷம் இருந்தது. 2006இல் ஜோஷுவா பிளாக் இதைப் பற்றி எழுதினார். மருந்து எளிது: மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, பாதியாக்கி, கீழ் எல்லையோடு கூட்டுங்க.

டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தில் முடிவிலிக்குப் பதிலாக இன்ட்டின் உச்ச மதிப்பைப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முடிவிலியோடு 5 கூட்டினால் முடிவிலி. 2147483647ஓடு 5 கூட்டினால் மைனஸ் இருநூற்றுச் சொச்சம் கோடி! போக முடியாத ஊருக்கு மிகக் குறுகிய வழி கிடைத்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் 100 கோடியை முடிவிலியாக வைக்கிறார்கள். அப்படி இரண்டைக் கூட்டினாலும் 200 கோடி. வேலிக்கு உள்ளேயே நிற்கும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாட்டின் பார்வை எண்ணிக்கை 32 பிட் எல்லையைத் தாண்டுகிறது என்று சொல்லி, யூடியூப் தன் கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியது. அது சிரிப்பாகப் போனது. 2015இல் வந்தது சிரிப்பல்ல. போயிங் 787 விமானத்தில் 248 நாள் இடைவிடாமல் மின்சாரம் ஓடினால், ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு யூனிட்டில் உள்ள மென்பொருள் கவுன்ட்டர் நிரம்பி, மின்சாரமே நின்றுபோகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. அதற்கு முன்பாகவே ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னது. ஏன் 248? நூறில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டு போனால், 2147483647ஐத் தொட 248.55 நாள் ஆகும். (ஆய்லரின் 248ம் இதுவும் ஒன்றாக வந்தது தற்செயல்தான்.)

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை

பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது 2147483647ஐத் தொடும். பொங்கல் முடிந்த அடுத்த வாரம். முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் நேரம். அடுத்த விநாடி, அந்தக் கணினிக்கு 1901 டிசம்பர் 14 அதிகாலை 2 மணி 15 நிமிடம் 52 விநாடி.

லேப்டாப்பும் புது மொபைலும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. 32 பிட் பிராசசர்களுக்கும் லினக்ஸ் 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து வழி செய்து கொடுத்திருக்கிறது. பிரச்சினை, யாரும் அப்டேட் செய்யாமல் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளில்தான்: கேட் கன்ட்ரோலர், மீட்டர், டேட்டா லாகர், தொழிற்சாலைப் பேனல். மை எஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகைக் காலமும் அதே விநாடியோடு முடிகிறது. 20 வருஷக் கடனின் கடைசித் தவணைத் தேதியைக் கணக்குப் போடும் புரோகிராமுக்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது.

இன்று கல்லூரியில் இருக்கும் நீங்க அன்றைக்கு முப்பதுகளில் இருப்பீங்க. அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் சீனியர் இன்ஜினியர் நீங்களாக இருக்கலாம். உள்ளே ஓடும் கோடு, நீங்க இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக எழுதி யாரோ அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதாகவும் இருக்கலாம். ஒரு வேரியபிள் அறிவிக்கும்போது "இது எவ்வளவு பெரிசாகும், எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது.

செய்து பார்க்க மூன்று

1. லூகாஸ் லேமர் சோதனையை 31க்கு எழுதி, 29ஆவது படியில் பூஜ்யம் வருகிறதா பாருங்க. வர்க்கப்படுத்தும்போது இன்ட் போதாது, 64 பிட் வகை வேண்டும்.
2. 16807 ரேண்டம் முறையை 1இல் தொடங்குங்க. முதலில் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073 வர வேண்டும். 10,000ஆவது எண் 1043618065 என்றால் உங்க புரோகிராம் சரி. வேறு எண் வந்தால் எங்கோ வேலியைத் தாண்டியிருக்கீங்க.
3. உங்க பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, நேரத்தையும் எண்ணிக்கையையும் எந்த வகையில் சேமித்திருக்கீங்க என்று பாருங்க. மூன்றில் இதுதான் முக்கியம்.